மூன்றாம் கம்ப்யூட்டரின் மஞ்சள் புள்ளி

ஒரு கோடிப் பேர் வசிக்கும் சென்னையில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் மொத்தம் ஐந்துதான் இருந்தன. ஐந்தும் கோட்டூர்புரத்தில், ஆற்றோரக் குடியிருப்போர் சங்கத்தின் மாடி அறையில் இருந்தன. ஐந்தையும் பராமரித்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை சார். நடந்ததெல்லாம் நிமிடக் கணக்கில் பதிவான ஆறு மாத லாக் ஃபைல் உங்களிடமே இருக்கிறது, வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மனிதர்கள் இரண்டு வகை என்பது என் கருத்து. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னதும் 'சரி' அழுத்துகிறவர்கள் ஒரு வகை. 'பிறகு' அழுத்துகிறவர்கள் இன்னொரு வகை. உலகத்தில் இதுவரை நடந்த எல்லாக் கேடுகளுக்கும் இந்த இரண்டாம் வகைதான் காரணம் என்று முதலாம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினேன். கல்லூரிச் சுவர் இதழில் வந்தது. நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சமூக சேவைத் திட்டத்தின் பொறுப்பாளர் என்ற முறையில் உங்கள் கையெழுத்தோடு, கல்லூரி லெட்டர்ஹெட்டில், ஒரே ஒரு வரி இன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தச் சங்கத்தின் வழியாக அரசு ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு வீடு கிடைக்க ஒரு வழி இருக்கிறது. சேராவிட்டால் இல்லை. அப்படி ஒரு வரி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் பின்னணியை முதலில் எழுதிவிடுகிறேன். அவசரமில்லாமல் படியுங்கள்.

அறுபது மணி நேரம் சேவை செய்தால் சான்றிதழ் என்று நீங்கள் அறிவித்தபோது மற்றவர்கள் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போனார்கள். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரம் இரண்டாவது ஸ்டேஷன். அதனால் இந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால்தான் எழுந்திருக்கும். போட்டேன். எழுந்தன. அதோடு விட்டிருந்தால் நானும் பிளாஸ்டிக் பொறுக்கியவர்களைப் போல நிம்மதியாக இருந்திருப்பேன்.

லினக்ஸில் ஆப்இமேஜ் என்று ஒரு வகை உண்டு. முழு ஆப்பும் ஒரே ஃபைலுக்குள் அடக்கம். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டவுன்லோட்ஸில் கிடந்தாலும் ஓடும், டெஸ்க்டாப்பில் கிடந்தாலும் ஓடும், பென் டிரைவில் தூக்கிக்கொண்டு போனாலும் ஓடும். இதை எல்லோரும் வசதி என்கிறார்கள். எனக்கு அது பொறுப்பின்மையாகப் படும். எங்கும் பதிவு இல்லாமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெனுவில் பெயர் வராது. தனக்கென்று ஒரு படம்கூட இருக்காது, எல்லாவற்றுக்கும் அதே பல்சக்கரம். புதிய பதிப்பு வந்தால் அதற்கே தெரியாது. ஒவ்வொன்றையும் பிடித்து, ஒரே ஃபோல்டரில் குடியேற்றி, மெனுவில் பெயரும் படமும் கொடுத்து, வாராவாரம் புதிய பதிப்புக்கு மாற்றி, பழையதை அப்புறப்படுத்த வேண்டும். அதற்காக ஒரு புரோகிராம் எழுதினேன். அதன் பெயர் 'ஒழுங்கு'.

ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு ஒழுங்கு ஓடும். எல்லா ஆப்பும் இருக்க வேண்டிய இடத்தில், புதிய பதிப்பில் இருந்தால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. ஒன்று பிசகினாலும் மஞ்சள். ஐந்து திரைகளையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவேன். அறுபது மணி நேரம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் போனேன். பச்சையைப் பார்த்துப் பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

மூன்றாம் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருந்தது. அதில் மணிமொழி அக்கா உட்காருவார். அடையாறு காந்தி நகரில் இரண்டு வீடுகளில் சமையல் செய்பவர். மதியம் இரண்டரைக்கு வேலை முடிந்து வந்து, முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார்.

அவர் செய்துகொண்டிருந்த வேலை இது. ஆற்றோரத்து வீடுகளை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதாக முடிவாகி, கணக்கெடுப்பு நடந்திருந்தது. அரசு ஆபீசிலிருந்து வந்தவர்கள் எல்லாக் கதவிலும் பெயின்டில் எண் போட்டார்கள். கதவு திறந்திருந்த வீடுகளில் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். முப்பத்தெட்டுக் கதவுகள் பூட்டியிருந்தன, ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே அந்த வீடுகளுக்கு எண் இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. விட்டுப்போனவர்கள் ஆதாரத்தோடு துணைப் பட்டியல் கொடுக்கலாம், ஜூன் கடைசித் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம் என்றார்கள். மணிமொழி அக்கா முப்பத்தெட்டு வீட்டுக்கும் போனார். குடும்பத்தைக் கதவின் முன்னால், எண் மறையாமல் நிறுத்திப் படமெடுத்தார். ரேஷன் கார்டு, கரன்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றையும் படமெடுத்தார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு குறிப்பேடு ஆப்பில் வீடு வாரியாக ஒட்டி, கீழே விவரம் டைப் செய்துவைத்தார். மூன்று மாத வேலை. அவர் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. இதையெல்லாம் அவர் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதை நான் ஒருமுறை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அந்தக் குறிப்பேடு ஒரு ஆப்இமேஜ். அதை டெஸ்க்டாப்பின் நட்டநடுவில் வைத்து, 'மணி புக் தொடாதே' என்று பெயர் மாற்றியிருந்தார்.

இங்கே ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். ஆப்இமேஜுக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்துவிட்டால், அந்த ஆப் தன்னுடைய எல்லாவற்றையும் அந்தப் பக்கத்து ஃபோல்டரில்தான் போட்டுவைக்கும். இரண்டையும் சேர்த்து எங்கே கொண்டுபோனாலும் வேலை தொடரும். ஆனால் ஆப்பின் பெயர் ஓரெழுத்து மாறினாலும், ஆப் மட்டும் வேறிடம் போனாலும், பக்கத்தில் அப்படி ஒன்று இருந்ததே அதற்கு நினைவிருக்காது. அன்றைக்குத்தான் பிறந்தது போல வெறும் பக்கத்தோடு திறக்கும். மணிமொழி அக்காவுக்கு அந்தப் பக்கத்து ஃபோல்டரை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். முதல் வாரத்தில், நல்ல எண்ணத்தில்.

படங்கள் ஆரம்பத்தில் மூன்று இடங்களில் இருந்தன. அவர் போனில், அவர் பென் டிரைவில், மூன்றாம் கம்ப்யூட்டரில். போன் நிரம்பி அழைப்புகூட வரவில்லை என்றார். கம்ப்யூட்டரில்தான் பத்திரமாக இருக்கிறதே, போனில் அழித்துவிடுங்கள் என்றேன். அழித்தார். பென் டிரைவ் விஷயம் வேறு. ஆளுக்கொரு பென் டிரைவில் ஆளுக்கொரு பழைய பதிப்பைச் சட்டைப்பையிலும் சுருக்குப்பையிலும் வைத்துக்கொண்டு வருவதை நான் எப்போதும் கிண்டல் செய்வேன். அறையில் பென் டிரைவுக்குத் தடை போட்டேன். இருந்தவற்றை வாங்கி அலமாரியில் வைத்தேன். லினக்ஸ் போட ஒன்று தேவைப்பட்டபோது கைக்கு வந்ததை எடுத்து ஃபார்மட் செய்தேன். அது அவருடையது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மூன்றாம் கம்ப்யூட்டர் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. பதிவில்லாத இடத்தில் ஓர் ஆப், அதுவும் மூன்று பதிப்பு பழையது. ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், இதை உரிய ஃபோல்டருக்கு மாற்றிவிடலாமே, மெனுவில் வரும், அழகாக ஐகான் வரும் என்று.

“எனக்கு இன்னாத்துக்கு தம்பி மெனு? தொறந்தா எதிர்லயே கீது. ரெண்டு தட்டு தட்டுனா வந்துடுது.”

“மூணு பதிப்பு பழசு அக்கா அது.”

“நானே முப்பத்தஞ்சு வருசம் பயசு. ஓடிக்கினுதானே கீறேன்?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் டில்லிபாபு, ஆட்டோ ஓட்டுபவர், வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நைனா, அக்காவ அப்டேட் பண்ண முடியாது. உட்டுடு,” என்றார்.

“தொடாதேனு எய்தி வச்சிகீறேன்,” என்றார் மணிமொழி அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே. “இன்ஜினீரு படிக்குது புள்ள. அந்த ஒரு வார்த்த மட்டும் படிக்க வரல.”

நானும் சிரித்தேன். கேலி செய்கிறவனுக்குக் கேலியைத் தாங்கத் தெரிய வேண்டும். எனக்கு அது மனதில் தங்கவே இல்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மதியம் மூன்று இருபது. அறையில் பதினோரு பேர் இருந்தார்கள்.

ஏழு வாரம் உங்களுக்கு நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் அனுப்பினேன். ஏழாவது வாரம் நீங்கள் பதில் போட்டீர்கள். 'மூன்று?' என்று. ஓர் எண், ஒரு கேள்விக்குறி. உங்களைக் குறை சொல்லவில்லை சார். ஆனால் அன்றிலிருந்து ரயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்குக் களைப்பு. இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் தூங்கிப்போய் திருவான்மியூர்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஜூன் கடைசி வியாழக்கிழமை வீடுகளை எடுத்தார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூட்டைகளோடு ஆட்கள் உறவினர் வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும் போனார்கள். அவசரத்தில் யாருடைய காகிதம் எந்த மூட்டையில் போனது என்று தெரியவில்லை. எண் போட்ட கதவுகளைப் பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதனால் என்ன, கதவெல்லாம் மணி புக்கில் இருக்கிறது என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். திங்கள் மதியம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, தைத்து, ஐந்து மணிக்குள் ஆபீசில் கொடுப்பதாக ஏற்பாடு. அதே திங்கள் காலை பத்து மணிக்கு நம் கல்லூரிக் குழு அறையைப் பார்வையிட வருவதாக நீங்கள் மெயில் அனுப்பியிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். யாரும் இல்லை. இடித்த இடத்தில் இரும்பும் ஓடும் பொறுக்கப் போயிருந்தார்கள். பதினொரு மணிக்கு ஒழுங்கு ஓடியது. மூன்றாம் கம்ப்யூட்டரில் நானே கையால் அந்த ஆப்பை எடுத்து, உரிய ஃபோல்டருக்கு மாற்றி, உரிய பெயர் கொடுத்து, புதிய பதிப்பாக்கினேன். மெனுவில் வந்தது. ஐகான் அழகாக இருந்தது. திறந்து பார்த்தேன். வெறும் பக்கம்.

காரணம் எனக்குத் தெரியும். பக்கத்து ஃபோல்டரையும் கூடவே மாற்றி, பெயரைப் பொருத்தினால் போதும். பத்து வினாடி வேலை. ஆனால் ஆப்கள் இருக்கும் ஃபோல்டரில் ஆப்களைத் தவிர வேறெதுவும் இருந்தால் மஞ்சள் என்பது ஒழுங்கின் விதி. விதியை எழுதியவன் நான். ஒரு வரியை மாற்றினால் போதும். ஒரே ஒருவருக்காக விதியில் ஒரு வரியை மாற்றினால் பிறகு அது விதியா என்று யோசித்தேன். டெஸ்க்டாப்பில் அநாதையாகக் கிடந்த அந்த ஃபோல்டரைப் பற்றி ஒழுங்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. பதில் சொன்னேன். குப்பைத்தொட்டியில் ஏதாவது மிச்சமிருந்தாலும் மஞ்சள் காட்டும் என்பதால் அதையும் காலி செய்தேன். பிறகு ஐந்து கம்ப்யூட்டரிலும் எல்லா ஆப்களையும் புதுப்பித்தேன். அழிந்த இடத்தின் மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது. மீட்க முடியுமா என்று பின்னால் கேட்டவர்களிடம், முடியாது என்று நேர்மையாகச் சொல்வதற்கு அது உதவியது.

திங்கள் காலை குழு வந்தது. ஐந்து பச்சை. நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். சான்றிதழில் 'முன்மாதிரி' என்ற சொல்லைச் சேர்க்கப்போவதாகச் சொன்னீர்கள்.

இரண்டரைக்கு மணிமொழி அக்கா வந்தார். கூடவே நஸ்ருன்னிசா அக்கா. பிளவுஸ் தைப்பவர், முப்பத்தெட்டில் ஒருவர். கதவு எண் நூற்றுப் பதினேழு. தாள்களை அடுக்கித் தைப்பதற்காக வீட்டிலிருந்தே ஊசியில் நூல் கோத்து எடுத்து வந்திருந்தார். மணிமொழி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டெஸ்க்டாப்பில் தேடினார். நான் மெனுவைக் காட்டினேன். திறந்தார். மூடினார். திறந்தார்.

“இன்னா தம்பி, ஒண்ணும் இல்ல.”

நான் குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய நேரம் வரைக்கும் பார்த்தேன்.

“சனிக்கிழமை நீங்க ஏதாவது அழுத்தினீங்களா அக்கா?”

வெகுநேரம் யோசித்தார். அவரை நான் அவசரப்படுத்தவில்லை.

“மூடறப்போ இன்னாமோ கேட்டுச்சி. இங்கிலீஷ்ல. நான் ஓகே குடுத்துட்டேன்.”

கம்ப்யூட்டரை அணைக்கும்போது எல்லோரையும் கேட்கும் கேள்விதான் அது. அணைத்துவிடவா என்று கேட்கும். அவர் ஐந்து மாதமாக தினமும் அதற்கு ஓகே கொடுத்துக்கொண்டிருந்தவர். அது எனக்குத் தெரியும்.

“அதுதான்கா,” என்றேன்.

நஸ்ருன்னிசா அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“என் கதவும் போச்சா மணி?”

மணிமொழி அக்கா அதை மறுபடி மூடித் திறந்தார். நஸ்ருன்னிசா அக்கா ஊசியிலிருந்து நூலை உருவி, விரலில் சுற்றி, சுற்றியதை அப்படியே கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த நூல் வளையம் அதற்கப்புறம் இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. மேஜையைச் சுத்தம் செய்வது என் பொறுப்பில் வராது.

டில்லிபாபு முப்பத்தெட்டுப் பெயரையும் ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு ஆட்டோவில் ஆபீசுக்குப் பறந்தார். ஆதாரம் இல்லாமல் பெயரை மட்டும் வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது விதி. விதியோடு எனக்குச் சண்டை இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை, ரயில் ஸ்டேஷன் படிக்கட்டிலும் டீக்கடையிலும் காதில் விழுந்ததுதான். மணிக்கென்ன, அவ பேரு லிஸ்ட்ல கீது, அதான் அலட்சியம் என்று முதல் வாரம் பேசினார்கள். இரண்டாவது வாரம் அலட்சியம் இல்லை, வேண்டுமென்றேதான் என்று ஆகியிருந்தது. அவர் குடியிருந்த வாடகை அறைக்கு வெளியே நின்று யாரோ கத்திவிட்டுப் போனார்கள். காந்தி நகரில் ஒரு வீட்டு வேலையையும் விட்டுவிட்டார், அவர்கள் நிற்கும் வழியாகத்தான் நடந்துபோக வேண்டும் என்பதால். இது எதையும் நான் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

இந்தச் செவ்வாய்க்கிழமை டில்லிபாபு அறைக்கு வந்தார். ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு, மூன்றாம் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்காராமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆபீஸ்ல பேசிட்டேன் நைனா. காலேஜு லெட்டர் குடுத்தா வெள்ளிக்கெயம அஞ்சு மணி வரிக்கும் திரும்ப மனு வாங்கிக்கிறேங்கறாங்க. படமெல்லாம் இருந்துச்சி, எங்க கையில போயிடுச்சினு ஒரே ஒரு வரி. அத்த வச்சிக்கினு நேர்ல வந்து விசாரிப்பாங்களாம்.”

எங்கள் கையில் என்றால் யார் கையில் என்று கேட்டேன்.

“உங்க கையில. காலேஜு கையில. பொய்தான், தெரியுது. உங்கள யாரு இன்னா கேக்கப் போறாங்க? பேருகூட போட வாணாம். மணி கதவ சாத்திக்கினு உள்ளயே கீது நைனா. சோறு துன்றதில்ல. அது மேலருந்து அந்தப் பழி எறங்கிடும்ல.”

நடக்காத ஒன்றை நடந்ததாக எழுத்தில் தருவது சரியா என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மனசாட்சிக்குக் கஷ்டமான வேலைதான், தனக்குப் புரிகிறது என்றார். இறங்கிப்போகும்போது, நீ நல்ல புள்ள நைனா என்றும் சொன்னார். ஆட்டோ ஸ்டார்ட் ஆகும்வரை ஜன்னலில் நின்றிருந்தேன்.

அன்று மாலையே எழுதினேன். முதல் பதிப்பு ஒரே வரிதான். 'ஆற்றோரக் குடும்பங்கள் முப்பத்தெட்டின் ஆதாரப் படங்கள் இந்த அறையில் இருந்தன, எங்கள் தவறால் அழிந்தன.' அதை அப்போதே உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் பொறுப்புள்ள யாரும் முதல் பதிப்பை வெளியே விடுவதில்லை. 'எங்கள்' என்ற சொல் தெளிவாக இல்லை என்று தோன்றியது. நீங்கள் ஏன் என்று கேட்டால் விளக்க வேண்டும் என்றும் தோன்றியது. புதன்கிழமை இரண்டு பதிப்புகள். வியாழன் மூன்று. இப்போது நீங்கள் படிப்பது ஏழாவது.

ஆறு பதிப்பிலும் விட்ட ஒன்றை இதில் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கு என்னிடம் கேட்ட கேள்வி. அந்த வாசகத்தைத் தமிழில் எழுதிவைத்தவனும் நான்தான், மணிமொழி அக்கா மாதிரி ஆட்களுக்குப் புரியட்டும் என்று. 'இந்த ஃபோல்டரில் 412 படங்கள் உள்ளன. மற்ற கம்ப்யூட்டர்களில் பிரதி இல்லை. நீக்கவா?'

லாக் ஃபைலில் நீங்கள் கவனித்திருக்கலாம். கேள்வி வந்தது பதினொன்று பதினான்குக்கு. பதில் போனது பதினொன்று ஐம்பத்தாறுக்கு. இடையில் நாற்பத்திரண்டு நிமிடம் நான் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். எதை நீக்குகிறோம் என்று பார்க்காமல் நீக்குவது பொறுப்பின்மை. நூற்றுப் பதினேழு நீலக் கதவு. நஸ்ருன்னிசா அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு நிற்கிறார், கழற்ற மறந்திருக்கிறார். தொண்ணூற்றிரண்டில் கதவே இல்லை, தகரம், அதில் எண் தலைகீழாக இருக்கிறது. நூற்று நாற்பதில் ஒரு கைக்குழந்தை எண்ணின் மேல் கை வைத்து மறைக்கிறது, அடுத்த படத்தில் யாரோ அந்தக் கையைப் பிடித்து விலக்கியிருக்கிறார்கள். கண்ணை மூடினால் முப்பத்தெட்டையும் எண், நிறம், ஆட்களோடு சொல்வேன். பார்த்து முடித்ததும் அறையே சிரித்த ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஞாபகம் வந்தது. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. 'சரி' அழுத்தினேன்.

களைப்பாக இருந்தது சார். அவ்வளவுதான்.

ஆகவே டில்லிபாபு கேட்டது பொய் அல்ல. உங்கள் கையெழுத்தோடு அந்த ஒரு வரியைத் தயக்கமில்லாமல் கொடுக்கலாம். அழித்தவன் நான். மணிமொழி அக்கா எதையும் அழுத்தவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மணி நாலே முக்கால். மந்தைவெளியில் என் அறையில், என் லேப்டாப்பில் எழுதுகிறேன். கல்லூரியிலிருந்து ஆபீசுக்கு டில்லிபாபுவின் ஆட்டோவில் பத்து நிமிடம். அவர் மூன்று மணியிலிருந்து கல்லூரி வாசலில் வண்டியோடு நிற்பதாக இரண்டுமுறை போன் செய்துவிட்டார். லெட்டர் வந்துக்கினே கீதா நைனா என்றார். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

என் லேப்டாப்பிலும் ஒழுங்கு உண்டு, இப்போது திரையின் மூலையில் மஞ்சள். இந்தக் கடிதத்தை எழுதும் ஆப்புக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம். புதிய பதிப்பில் கடிதம் இதே மாதிரி திறக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும். 'பிறகு' என்று அழுத்தி வைத்தேன். இந்த ஒரு முறைதான். போனில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். பென் டிரைவில் ஒன்று, அது சட்டைப்பையில் இருக்கிறது. லேப்டாப்பில் உள்ளதை டெஸ்க்டாப்பின் நடுவில் வைத்து, என் தம்பி வந்து எதையாவது நோண்டுவான் என்பதால் 'கடிதம் தொடாதே' என்று பெயர் மாற்றியிருக்கிறேன்.

ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு சொல் உறுத்துகிறது. மேலும், வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இத்தனை நீளமான ஒன்றை உங்கள் தலையில் சுமத்துவது முறையல்ல. மெயில் தயாராக இருக்கிறது. இப்போது அனுப்பவா, பிறகு அனுப்பவா என்று கேட்கிறது.

திங்கள் காலை ஒன்பது மணி என்று குறித்து, பிறகு என்பதை அழுத்திவிட்டேன்.